கூடங்குளம் எப்போது நிற்கலாம், எப்போது ஓட வேண்டும்? வாசகர் கேள்வி பதில்

மின்வெட்டு, கூடங்குளம் பற்றிக் கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து வந்த கேள்விகளில் ஆறுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

*கேள்வி: கரண்ட் பற்றாத நேரத்தில் கூடங்குளத்தில் ஒரு அலகு சும்மா நிற்கிறது. 'உடனே இயக்குங்கள்' என்று ஊர்க்காரர்கள் சேர்ந்து மனு கொடுக்கப் போகிறோம். நியாயம்தானே?*
வாசகர், ஆரல்வாய்மொழி

நியாயம்தான். ஒரு அலகு 1,000 மெகாவாட். முழு ஓட்டத்தில் நாளுக்கு 2.4 கோடி யூனிட். இரண்டு அலகுகளும் சேர்ந்த 2,000 மெகாவாட்டில் தமிழகத்தின் பங்கு 925. யாருக்கும் ஒதுக்காமல் மத்திய அரசு கையில் வைத்திருக்கும் 300 மெகாவாட்டிலும் ஒரு பகுதி நமக்கு வருவதுண்டு. ஆக ஓர் அலகு நின்றால் நாளுக்கு ஏறத்தாழ ஒரு கோடி யூனிட் நம் கணக்கில் துண்டு விழும். அதை மாலை நேரத்தில் மின் சந்தையில் வாங்கப் போனால் யூனிட் 10 ரூபாய் என்ற உச்சவரம்பு வரை விலை ஏறும். கூடங்குள மின்சாரம் அதில் பாதி விலைகூட இல்லை.

மனுவைக் கெடுப்பது 'உடனே' என்ற சொல்தான். அலகு எதற்காக நிற்கிறது என்று முதலில் பாருங்கள். ஏதோ ஒரு பம்போ சென்சாரோ கோளாறாகி 'டிரிப்' ஆகியிருந்தால், அதாவது தானாக நின்றிருந்தால், கோளாறு சரியானதும் சில மணி நேரத்திலேயே ஏற்றிவிடலாம். அதிலும் ஒரு முட்டுக்கட்டை உண்டு. உலை நின்ற பிறகு எரிபொருளில் மிச்சமிருக்கும் அயோடின்-135 சிதைந்து செனான்-135 ஆகிறது. தொடர்வினையை நடத்தும் நியூட்ரான்களை இந்த செனான் விழுங்கிவிடும். உலை நின்று பத்து மணி நேரம் ஆகும்போது அது உச்சத்தில் இருக்கும், பிறகுதான் கரையத் தொடங்கும். எரிபொருள் புதிதாக இருந்தால், அதே போல நியூட்ரானை விழுங்குவதற்காக நீரில் கலந்திருக்கும் போரானைக் குறைத்துச் சமாளித்துக்கொள்வார்கள். எரிபொருள் தீரும் தறுவாயில் குறைப்பதற்குப் போரானே இருக்காது. செனான் கரையும்வரை ஒரு நாள், ஒன்றரை நாள் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான். அந்த நேரத்தில் மனு கொடுத்துப் பயனில்லை.

எரிபொருள் மாற்றவும் பராமரிப்புக்கும் நிறுத்தியிருந்தால் கதை வேறு. அதற்கு ஏறத்தாழ இரண்டு மாதம் பிடிக்கும். நின்ற உலையும் சும்மா இருப்பதில்லை. அதன் வெப்பத் திறன் 3,000 மெகாவாட். நிறுத்தி ஒரு நாள் கழிந்த பிறகும் அதில் அரை சதவீதம், அதாவது 15 மெகாவாட் வெப்பம் எரிபொருளிலிருந்து வந்துகொண்டே இருக்கும். அதை ஆற்றும் பம்புகளுக்கு வெளியிலிருந்து மின்சாரம் வாங்க வேண்டும்.

*கேள்வி: எரிபொருள் போட்டு மூடியை மூடியாயிற்று என்று வைத்துக்கொள்வோம். அதன்பின் கரண்ட் வர ஏன் இத்தனை நாள்?*
வாசகி, தக்கலை

மூடியிலிருந்தே தொடங்குவோம். உலைக் கலத்தின் மூடியை 54 பெரிய ஸ்டட் போல்ட்டுகள் பிடித்திருக்கின்றன. சாதாரண ஸ்பேனரால் முறுக்கும் வேலை இல்லை. ஹைட்ராலிக் கருவியால் போல்ட்டை இழுத்து நீட்டி, அந்த நிலையில் நட்டைத் திருகி உட்காரவைத்து, பிறகு விடுவார்கள். ஒரு பக்கம் கூடுதலாகவும் மறுபக்கம் குறைவாகவும் இழுபட்டால் அடியிலுள்ள உலோக கேஸ்கெட் சரியாக உட்காராது. உள்ளே வரப்போகும் அழுத்தம் காற்றழுத்தத்தைப் போல ஏறக்குறைய 155 மடங்கு. அங்கே கசிவு தெரிந்தால் எல்லாவற்றையும் ஆறவிட்டு மறுபடி முதலிலிருந்துதான்.

அடுத்தது சூடேற்றல். இதற்குத் தனி அடுப்பு கிடையாது. நான்கு பெரிய பம்புகள் நீரைச் சுற்றவிடும்போது உண்டாகும் வெப்பமும், எரிபொருளின் மிச்ச வெப்பமும் போதும். கலத்தின் கனத்த எஃகுச் சுவர் உள்ளும் புறமும் ஒரே சீராக விரிய வேண்டும் என்பதால் மணிக்கு 20 டிகிரிக்கு மேல் ஏற்றக் கூடாது. நிற்காமல் ஏற்றினாலே 280 டிகிரிக்குப் போக அரை நாள் ஆகும். நடைமுறையில் இடையிடையே நிறுத்தி அழுத்தச் சோதனை, வால்வுச் சோதனை, நீரின் வேதியியல் சோதனை எல்லாம் நடப்பதால் சில நாட்கள் போய்விடும்.

சூடான நிலையில் கட்டுப்பாட்டுத் தண்டுகளை உயர்த்திக் கீழே விட்டுப் பார்ப்பார்கள். ஒவ்வொன்றும் 4 வினாடிக்குள் அடிவரை விழ வேண்டும். ஒன்று தாமதித்தாலும் மேலே போகக் கூடாது. அவசரத்தில் உலையை நிறுத்துவது அந்தத் தண்டுகள்தான்.

பிறகு தண்டுகளைத் தொகுதி தொகுதியாகத் தூக்கி, தூய நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு போரிக் அமிலத்தின் அடர்த்தியைக் குறைப்பார்கள். சமையலில் உப்புக் கூடிப்போன குழம்பைப் போல இதை ஒரேயடியாகத் தண்ணீர் ஊற்றிச் சரிசெய்ய முடியாது. நியூட்ரான் எண்ணிக்கையைப் பார்த்துப் பார்த்து மணிக்கணக்கில் செய்ய வேண்டும். தொடர்வினை தானாக நிலைத்த பின் ஒரு சதவீதத்துக்கும் குறைந்த திறனில் சோதனைகள். 163 எரிபொருள் கட்டுகளில் புதியதும் பழையதும் இடம் மாறியிருக்கும். கணக்கில் வந்தபடியே உலை நடந்துகொள்கிறதா என்று இப்போதுதான் தெரியும்.

அதன்பின் நீராவி டர்பைனுக்குப் போகிறது. நீராவியைக் குளிர்வித்துத் திரும்ப நீராக்கும் கண்டென்சரில் வெற்றிடம் பிடிக்க வேண்டும், டர்பைன் நிமிடத்துக்கு 3,000 சுற்று வேகத்துக்கு அதிர்வில்லாமல் வர வேண்டும், 400 கேவி கிரிட்டோடு மின்னழுத்தமும் அதிர்வெண்ணும் கட்டக் கோணமும் பொருந்த வேண்டும். பொருந்திய நொடியில் பிரேக்கரை மூடினால்தான் முதல் யூனிட் வெளியே போகும். அதற்கு மேலும் படிப்படியாகத்தான் முழுத் திறனுக்கு ஏற்றுவார்கள். வேகமாக ஏற்றினால் எரிபொருள் வில்லை வீங்கி, அதைச் சுற்றியிருக்கும் உறையை நெருக்கி வெடிப்பு விட வைக்கும்.

ஏற்றும்போது வரும் தடங்கல்களில் கணிசமானவை நீராவிப் பக்கத்துச் சங்கதிகள். கண்டென்சர் குழாயில் ஊசிமுனை ஓட்டை விழுந்தால் போதும், கடல்நீரின் குளோரைடு நீராவி உற்பத்திக் கலம்வரை போய் அரிக்கத் தொடங்கும். அப்படி ஓர் அறிகுறி கண்டால் நிறுத்துவதே முறை. நாள் மிச்சம் பிடிக்கப் பார்த்து வாரத்தைத் தொலைப்பது இங்கேதான் நடக்கும்.

*கேள்வி: மூடிய அணுமின் நிலையத்தை மின்பஞ்சத்தால் திரும்பத் திறந்த நாடு உண்டாமே? மனுவில் எழுதலாமா?*
வாசகர், நாகர்கோவில்

ஆர்மீனியாவைச் சொல்கிறீர்கள். தாராளமாக எழுதலாம், முழுக் கதையையும் எழுதினால். 1988 டிசம்பர் 7 அன்று அங்கே ஸ்பிடாக் நிலநடுக்கம் வந்து ஏறத்தாழ 25,000 பேர் இறந்தார்கள். மெட்சமோர் நிலையத்துக்குச் சேதமில்லை. ஆனாலும் அச்சத்தால் 1989 தொடக்கத்தில் இரண்டு அலகுகளையும் மூடினார்கள். சோவியத் உடைந்து, எல்லைகள் அடைபட்டு, எரிவாயுக் குழாயும் அடிக்கடி துண்டிக்கப்பட்டபோது நாளுக்கு ஓரிரு மணி நேரமே கரண்ட். குளிர்காயப் பூங்காவின் மரங்களையும் வெட்டினார்கள். நீர்மின்சாரத்துக்காக செவான் ஏரியின் நீரை அளவுக்கு மீறித் திறந்துவிட்டார்கள். 1995 நவம்பரில் இரண்டாம் அலகு மீண்டும் ஓடியது. முதல் அலகை அவர்கள் திறக்கவே இல்லை.

நமக்கு இதில் இரண்டு விஷயம் உண்டு. மெட்சமோரும் கூடங்குளமும் ஒரே ரஷ்யக் குடும்பத்து அழுத்தநீர் உலைகள். மெட்சமோர் பழைய 440 வகை, நம்முடையது 1000 வகை. இன்னொன்று, இருட்டில் கிடந்த அந்த நாடுகூட முடிவெடுத்த மறுநாள் சுவிட்சைப் போடவில்லை. நிலநடுக்கப் பாதுகாப்பு வேலைகள் உட்பட, திறக்க இரண்டு ஆண்டுக்கு மேல் ஆயிற்று.

ஜப்பானின் ஓனகாவா இரண்டாம் அலகையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2011-க்குப் பிறகு முதன்முறையாக 2024 அக்டோபர் 29 அன்று இயக்கினார்கள். ஒரு வாரத்துக்குள் நிறுத்த வேண்டியதாயிற்று. நியூட்ரான் அளவிகளைச் சரிபார்க்கும் கருவி வழியில் சிக்கிக்கொண்டது. காரணம், சரியாக இறுகாத ஒரு நட். சரிசெய்து நவம்பர் 13 அன்று மறுபடி இயக்கினார்கள்.

*கேள்வி: நம் கடற்கரையில் தோரியம் கொட்டிக் கிடக்கும்போது ரஷ்யாவிலிருந்து எரிபொருள் எதற்கு?*
வாசகர், மணவாளக்குறிச்சி

தோரியம் தானாகப் பிளவுபடாது. நியூட்ரானை வாங்கி யுரேனியம்-233 ஆக மாறிய பிறகே எரிபொருளாகும். கூடங்குளத்து உலைகள் செறிவூட்டிய யுரேனியத்துக்கு வடிவமைத்தவை.

*கேள்வி: உலையைத் திரும்ப இயக்கப் பேச்சிப்பாறைத் தண்ணீரை எடுப்பார்களா?*
விவசாயி, குலசேகரம்

இல்லை. பேச்சிப்பாறையிலிருந்து எடுக்கும் யோசனை தொடக்கத்தில் இருந்தது. நம் மாவட்ட விவசாயிகளின் எதிர்ப்புக்குப் பிறகு அது கைவிடப்பட்டது. நன்னீர்த் தேவைக்கு நிலையத்திலேயே கடல்நீரைக் குடிநீராக்கும் அமைப்பு உண்டு. கண்டென்சரைக் குளிர்விப்பது நேரடியாகக் கடல்நீர். திரும்ப விடும் நீர் கடலின் வெப்பத்தைவிட 7 டிகிரிக்கு மேல் கூடக் கூடாது என்பது விதி. அந்த அளவீடுகளை மாதந்தோறும் வெளியிட வேண்டும் என்று மீனவர் சங்கங்கள் கேட்பது நியாயமான கோரிக்கை. இயக்கச் சொல்லும் மனுவிலும் அந்த வரி இருந்தால் மனுவுக்குக் கனம் கூடும்.

*கேள்வி: சரி, 'உடனே' வேண்டாம். வேறு என்னதான் கேட்பது? யாரிடம்?*
அதே ஆரல்வாய்மொழி வாசகர், இரண்டாம் கடிதத்தில்

நாள்காட்டியைக் கேளுங்கள். அதில் உங்கள் ஊருக்கு ஒரு தனி உரிமையே உண்டு. முப்பந்தலில் காற்றாலைகள் மே கடைசியிலிருந்து செப்டம்பர்வரை முழுமூச்சாகச் சுற்றும். ஐப்பசியில் காற்று ஓய்ந்துவிடும். வடகிழக்குப் பருவமழை பெய்யும் நவம்பர், டிசம்பரில் மாநிலத்தின் தேவை இறங்கும். பிப்ரவரியிலிருந்து ஏறி, ஏப்ரல், மே மாதங்களில் உச்சம் தொடும். 2024 மே 2 அன்று 20,830 மெகாவாட் போயிற்று. ஆகவே அலகை நிறுத்த உகந்த காலம் இரண்டு: காற்று அடிக்கும் ஜூன், ஜூலை, இல்லையென்றால் மழைக்குப் பின்னான டிசம்பர், ஜனவரி.

முன்பு ஆண்டுக்கொருமுறை எரிபொருள் மாற்றினார்கள். அப்போது ஒரே பருவத்தில் நிறுத்துவது எளிது. 2022 முதல் வந்திருக்கும் புதிய எரிபொருள் 18 மாதம் தாங்கும். நல்லதுதான், ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஜூன், ஜூலையில் நிறுத்தி ஆகஸ்டில் இயக்கினால், 18 மாதம் கழித்து அடுத்த நிறுத்தம் பிப்ரவரி, மார்ச்சில் வந்து நிற்கும். மாநிலம் வேகத் தொடங்கும் நேரம்!

அதற்குப் பதில் 16 மாதம் ஓட்டினால் என்ன? இரண்டு மாத நிறுத்தம், 16 மாத ஓட்டம், மீண்டும் இரண்டு, மீண்டும் 16. கூட்டினால் சரியாக 36 மாதம். ஒரு நிறுத்தம் ஜூன், ஜூலையில். அடுத்தது டிசம்பர், ஜனவரியில். மூன்று ஆண்டில் சக்கரம் தொடங்கிய இடத்துக்கே வந்துவிடும். எந்தக் கோடையிலும் நிற்காது. இரண்டாம் அலகை ஓராண்டு தள்ளி வைத்தால் இரண்டும் சேர்ந்து நிற்காது. எரிபொருளை முழுதாகப் பயன்படுத்தாமல் எடுக்கிறோமே என்று கேட்பார்கள். போடும்போதே புதிய கட்டுகளின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளலாம். அப்படியும் வரும் கூடுதல் செலவை, மே மாதம் 10 ரூபாய்க்கு வாங்கும் மின்சாரத்தோடு ஒப்பிடச் சொல்லுங்கள்.

தென் மண்டலத்தின் பராமரிப்பு நிறுத்தப் பட்டியலை ஒவ்வொரு நிதியாண்டுக்கும் முன்கூட்டியே தயாரிப்பது பெங்களூருவில் உள்ள தென் மண்டல மின் குழு. அங்கே நம் சார்பில் உட்காருவது மாநில மின்துறை அதிகாரிகள். எனவே மனு தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகத் தலைவருக்கு, நகல் மின் குழுவுக்கும் இந்திய அணுமின் கழகத்துக்கும். திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் கொடுத்தாலும் மேலே அனுப்பத்தான் முடியும். ஐப்பசிக்குள் போய்ச் சேரட்டும். பட்டியல் முடிவான பிறகு மாசியில் கொடுப்பது தண்டம்.

கூடவே தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி அணுமின் கழகத்திடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: கடந்த ஐந்து ஆண்டில் ஒவ்வொரு அலகும் எந்தத் தேதியில் நின்றது, எந்தத் தேதியில் கிரிட்டோடு சேர்ந்தது? ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் காரணம் என்ன? 30 நாளில் பதில் வர வேண்டும். அந்தத் தேதிகளை மாதவாரியாக அடுக்கி மனுவோடு இணையுங்கள்.

மனுவில் ஒன்றை மட்டும் எழுதிவிடாதீர்கள்: 'எங்கள் தெருவில் தினமும் ஏழு மணிக்குக் கரண்ட் போகிறது, கூடங்குளம் ஓடினால் நிற்கும்' என்று. துணை மின் நிலையத்திலிருந்து ஊர்களுக்குப் பிரிந்து போகும் எல்லா மின்வழிகளும் (ஃபீடர்) முறைவைத்து நின்றால் அது பற்றாக்குறை. உங்கள் தெருவில் மட்டும், அல்லது ஒரு பேஸில் மட்டும் போனால் அது டிரான்ஸ்பார்மர் பீஸோ, கம்பியில் உரசும் ரப்பர் மரக் கிளையோ. அதற்கு மின்னகத்தின் 94987 94987 என்ற எண்ணில் புகார் சொல்லி, மின் இணைப்பு எண்ணோடு கம்பத்தின் எண்ணையும் கொடுங்கள். கம்ப எண் இருந்தால் லைன்மேன் தெருத் தெருவாகத் தேட வேண்டியதில்லை.