சேவை ஆண்டுக்கு முன் வாடகை வீடு: கையிருப்பு எதுவரை தாங்கும்?

கேள்வி: படிப்பு முடிந்துவிட்டது. வேலைக்குப் போவதற்கு முன், ஒரு தொண்டு அமைப்பில் பத்து மாதம் முழுநேரத் தன்னார்வலராகச் சேரப் போகிறேன். புது ஊர். மாதாமாதம் உதவித்தொகை தருவார்கள், தங்குமிடம் என் பொறுப்பு. என்னிடம் இருக்கும் சேமிப்பு ஒன்றரை மாத உதவித்தொகை அளவுதான். ஒரு சின்னத் தனி வீடு பிடித்திருக்கிறது. வாடகை உதவித்தொகையில் 40 சதவீதம், அட்வான்ஸ் இரண்டு மாத வாடகை, ஒப்பந்தம் 12 மாதம். குறைகிற பணத்தை கிரெடிட் கார்டில் எடுத்துச் சமாளிக்கலாமா? அப்பாவை ஜாமீன் கையெழுத்துப் போடச் சொல்லலாமா? – ஒரு வாசகி

பதில்: அந்த வீட்டை விட்டுவிடுங்கள். வாடகைகூடப் பெரிய பிரச்சினை இல்லை. குடிபோகும் மாதச் செலவும் அந்த 12 மாத ஒப்பந்தமும்தான் உங்களைப் படுத்தப் போகின்றன.

உதவித்தொகையை 100 என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கையிருப்பு 150. அட்வான்ஸ் 80, முதல் மாத வாடகை 40, சாமான் கொண்டுபோக, ஒரு மெத்தை, நாலு பாத்திரம் வாங்க 15 என்றால் 135 போய்விட்டது. முதல் உதவித்தொகை பெரும்பாலும் மாதக் கடைசியில்தான் வரும். அதுவரை சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் 35 வேண்டும். ஆக 170. அதாவது முதல் மாதமே 20 துண்டு விழுகிறது. அதைக் கார்டில் எடுத்தால், அடுத்த மாதம் வாடகை 40, சாப்பாடு, போக்குவரத்து 35, மின்சாரம், இணையம், போன் 10 போக மிச்சம் 15. வட்டியைச் சேர்க்காமலே கடனை அடைக்க இரண்டு மாதம் ஆகும். அந்த இரண்டு மாதத்தில் ஒரு காய்ச்சல் வந்தாலும் மறுபடி கார்டுதான். மாதம் 15 மிஞ்சுகிற வருமானத்தில் கார்டு கடன் வேண்டவே வேண்டாம்.

வாடகை வருமானத்தில் 30 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று பலரும் சொல்வார்கள். அமெரிக்காவில் அரசுக் குடியிருப்புகளில் வாடகைக்கு 1969-இல் 25 சதவீதம் என்று உச்சவரம்பு வைத்து, 1981-இல் அதை 30 ஆக்கினார்கள். பிறகு அதுவே பொது விதி போலப் புழங்க ஆரம்பித்துவிட்டது. ஆனால் உதவித்தொகை அளவு வருமானத்தில் சதவீதம் பாதி உண்மைதான் சொல்லும். வாடகை கொடுத்த பிறகு கையில் மிஞ்சுவது சாப்பிடப் போதுமா என்று பாருங்கள். வரி பிடித்தம் உண்டா என்று அமைப்பிடம் கேட்டு, கைக்கு வரும் தொகையை வைத்தே கணக்குப் போடுங்கள். சேவை முடிந்ததும் கிடைக்கும் சலுகைகளை இதில் சேர்க்காதீர்கள். உதாரணத்துக்கு, அமெரிக்க அரசின் தன்னார்வச் சேவைத் திட்டமான அமெரிக்கார்ப்ஸின் கல்வி நிதி சேவைக்காலத்தை முடித்த பிறகுதான் வரும். அதுவும் கல்விக் கடனுக்கோ படிப்புச் செலவுக்கோதான். அதை நம்பி இன்றைய வாடகையைக் கட்ட முடியாது.

அடுத்து ஒப்பந்தக் காலம். நீங்கள் இருக்கப்போவது பத்து மாதம், கையெழுத்துப் போடப்போவது பன்னிரண்டு மாதத்துக்கு. 12 மாதத்துக்கு 40 வீதம் 480. பகிர்ந்து தங்கும் வீட்டில் 30-க்கு ஓர் அறை, பத்தே மாதத்துக்குக் கிடைத்தால் 300. வித்தியாசம் 180, கிட்டத்தட்ட இரண்டு மாத உதவித்தொகை! அட்வான்ஸ் ஒரு மாத வாடகைதான் என்றால் முதல் மாதம் மொத்தம் 110-இல் முடியும், கையில் 40 மிஞ்சும். அறை தூரமாக இருந்தால் மட்டும் பஸ் செலவையும் வாடகையோடு கூட்டிப் பாருங்கள். 30 ரூம் 38 ஆகிவிடக்கூடாது.

அப்படி ஓர் அறையை எங்கே தேடுவது? முதல் போன் புரோக்கருக்கு வேண்டாம், அமைப்புக்கே போடுங்கள். ஐரோப்பிய ஒன்றியம் இளைஞர்களுக்கு நடத்தும் தன்னார்வத் திட்டமான ஐரோப்பிய ஒற்றுமைப் படை மாதிரி சில திட்டங்களில் தங்குமிடமும் சாப்பாடும் திட்டத்திலேயே அடக்கம். ஜெர்மனியின் தன்னார்வ சமூக ஆண்டில் சில இடங்களில் தங்குமிடம் தருவார்கள், சில இடங்களில் பதிலாகப் பணம் தருவார்கள், இரண்டும் இல்லாத இடங்களும் உண்டு. ஒரே திட்டத்துக்குள்ளேயே இப்படி மாறுவதால் வாய்விட்டுக் கேட்டால்தான் தெரியும். இடமாற்றச் செலவுக்கு ஏதாவது உண்டா, முதல் தவணையை முன்கூட்டித் தருவார்களா என்றும் கேளுங்கள். அப்புறம், இந்த வருடம் சேவையை முடிக்கிற தன்னார்வலர்களின் தொடர்பை வாங்குங்கள். அவர்கள் காலி செய்யும் நேரமும் நீங்கள் குடிபோகும் நேரமும் பெரும்பாலும் ஒத்துப்போகும். அந்த அறைகளின் ஓனர்களுக்கு உதவித்தொகையில் வாழும் ஆள் புதிதல்ல. பெரும்பாலும் சம்பளச் சீட்டு எங்கே என்று கேட்க மாட்டார்கள், அமைப்பின் நியமனக் கடிதமே போதும் என்பார்கள். எதுவும் அமையாவிட்டால் முதல் மூன்று வாரம் தற்காலிகமாக ஓர் அறையில் தங்கி, நேரில் பார்த்து எடுங்கள். வீட்டைக் காட்டாமலே அட்வான்ஸ் கேட்கிறவருக்கு ஒரு பைசா அனுப்பாதீர்கள். நியமனம் எழுத்தில் வருவதற்கு முன்பும் எதிலும் கையெழுத்து வேண்டாம்.

அப்பாவின் ஜாமீனுக்கு வருகிறேன். நீங்கள் வாடகை கட்டத் தவறினால் ஓனர் அவரிடம்தான் வந்து நிற்பார். பகிர்ந்து தங்கும் வீட்டில் எல்லாரும் சேர்ந்து ஒரே ஒப்பந்தம் போட்டிருந்தால், ஒரு ரூம்மேட் பாதியில் கிளம்பினால்கூட அவர் பங்கு உங்கள் தலையில் விழலாம், உங்கள் வழியாக அப்பா தலையிலும். அறைக்குத் தனி ஒப்பந்தம் கேளுங்கள். ஜாமீன் இல்லாமல் முடியாது என்றால், உங்கள் பங்கு வாடகைக்கு மட்டும், பத்து மாதத்துக்கு மட்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டு போடச் சொல்லுங்கள். அப்பாவால் முடியுமென்றால் அட்வான்ஸுக்கு அவரிடம் வட்டியில்லாக் கைமாற்று வாங்குவது ஜாமீனைவிட நல்லது. எவ்வளவு போகும் என்பது இருவருக்கும் முதலிலேயே தெரிந்துவிடும்.

சாவி வாங்கும் அன்றே சுவர், குழாய், ஜன்னல் எல்லாவற்றையும் படம் எடுத்து ஓனருக்கே அனுப்பிவையுங்கள். அட்வான்ஸுக்கு ரசீது வாங்குங்கள். காலி செய்த எத்தனை நாளில் அது திரும்ப வரும் என்பதும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். உதவித்தொகை நின்ற பிறகு, வேலை கிடைக்கும்வரை நீங்கள் செலவுக்கு எடுக்கப்போவது அந்தப் பணத்தைத்தான்.