கணினி திறக்கவில்லை; கோப்புகள் என்னவாகும்?

வீட்டுக் கணினி திறக்க மறுக்கிறது, உள்ளே இருப்பதை எப்படி வெளியே எடுப்பது என்ற கவலையோடு வந்த கேள்விகளை மட்டும் இந்த முறை எடுத்துக்கொள்கிறேன். என் பிடிவாதம் ஒன்றை முன்பே சொல்லிவிடுகிறேன்: முதலில் நகல் எடுக்க வேண்டும், பழுதுபார்ப்பதெல்லாம் பிறகுதான்.

கேள்வி: மேசைக் கணினியின் பொத்தானை அழுத்தினால் மின்விசிறி சுற்றுகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை. கடைக்காரர் பார்த்துவிட்டு, "பார்மட் போட்டால் சரியாகிவிடும்" என்கிறார். பல ஆண்டு வினாத்தாள்களும் மகள் திருமணப் படங்களும் அதில்தான் இருக்கின்றன. (பள்ளி ஆசிரியை, தஞ்சாவூர்)

கணினியைக் கையோடு திரும்ப வாங்கி வந்துவிடுங்கள், அம்மா. தயாரிப்பாளரின் சின்னம்கூடத் திரையில் வரவில்லை என்றால் விண்டோஸ் இன்னும் வேலையைத் தொடங்கவே இல்லை என்று பொருள். தொடங்காத விண்டோஸை அழித்துவிட்டு மறுபடி நிறுவுவதால் திரை எப்படி வரும்?

இந்த அறிகுறிக்கு வழக்கமான காரணங்கள் ராம் (நினைவகப் பலகை), எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் வழங்கும் பெட்டி), மதர்போர்டு (தாய்ப்பலகை). மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். பிறகு ராமைக் கழற்றி, அதன் பொன்னிற விளிம்பைப் பென்சில் அழிப்பானால் மெதுவாகத் தேய்த்து, தூசி தட்டி, மறுபடி அழுத்திப் பொருத்துங்கள். இரண்டு ராம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். பழைய கணினிகள் பல இதற்கே வழிக்கு வந்துவிடும்.

வரவில்லையா? கவலை வேண்டாம். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, சாட்டா–யுஎஸ்பி இணைப்பான் வழியாக வேறொரு கணினியில் பொருத்தினால் போதும். மடிக்கணினியில் இருக்கும் 2.5 அங்குல டிஸ்க்குக்கு யுஎஸ்பி தரும் மின்சாரமே போதும். உங்களுடைய 3.5 அங்குல டிஸ்க்குக்கு 12 வோல்ட் தேவை. ஆகவே தனி அடாப்டரோடு வரும் இணைப்பானைக் கேட்டு வாங்குங்கள். மலிவானதை வாங்கிவிட்டு, "டிஸ்க் சுற்றவில்லை, செத்துவிட்டது" என்று முடிவுகட்டியவர்கள் நிறையப் பேர்.

டிஸ்க்கைப் பொருத்தியதும் விண்டோஸ் சில சமயம், "இதைப் பயன்படுத்த பார்மட் செய்ய வேண்டும், செய்யட்டுமா?" என்று மிகுந்த மரியாதையோடு கேட்கும். "வேண்டாம்" என்று சொல்லுங்கள். எத்தனை முறை கேட்டாலும் அதே பதில்தான்.

கேள்வி: மடிக்கணினியில் சின்னம் வருகிறது, "தானியங்கிப் பழுதுநீக்கம்" என்று சுற்றுகிறது, மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. டிஸ்க்கைக் கழற்றப் பயமாக இருக்கிறது அண்ணா. வேறு வழி உண்டா? (கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்)

கழற்ற வேண்டியதில்லை தம்பி. இரண்டு வழிகள் இருக்கின்றன.

முதல் வழிக்கு ஒரு வெளி டிஸ்க் மட்டும் போதும். பழுதுநீக்கம் முடியாமல்போகும்போது வரும் நீலத் திரையில் டிரபிள்ஷூட், பிறகு அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், பிறகு கமாண்ட் பிராம்ப்ட் என்று போங்கள். கறுப்புச் சாளரத்தில் நோட்பேட் என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். நோட்பேட் திறந்ததும், ஃபைல் பட்டியலில் ஓப்பன் கொடுத்து, கோப்பு வகையை "அனைத்துக் கோப்புகள்" என்று மாற்றுங்கள். கோப்பு தேர்ந்தெடுப்பதற்கான அந்தச் சிறு சாளரமே உங்கள் கோப்பு மேலாளர். வேண்டிய கோப்புறையின் மேல் வலது சொடுக்கில் காப்பி, வெளி டிஸ்க்கில் பேஸ்ட். இந்த நிலையில் டிரைவ் எழுத்துகள் இடம் மாறியிருக்கலாம். சி டிரைவ் காலியாகத் தெரிந்தால் பதறாமல் டி, இ என்று தேடுங்கள். நகல் எவ்வளவு முடிந்தது என்று பெரும்பாலும் காட்டாது. சாளரம் உறைந்ததுபோல் நிற்கும்; வெளி டிஸ்க்கின் விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும்வரை காத்திருங்கள்.

இரண்டாவது வழி எனக்கு இன்னும் பிடித்தது. விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளம் லினக்ஸ். நண்பரின் கணினியில் அதன் வகைகளான லினக்ஸ் மின்ட் அல்லது உபுண்டுவைப் பதிவிறக்கி, ரூஃபஸ் என்ற இலவச மென்பொருளால் ஒரு பென் டிரைவில் ஏற்றுங்கள். 8 ஜிபி போதும். அதில் முன்பிருந்தவை அழிந்துவிடும் என்பதை மறக்க வேண்டாம். அதைச் செருகி, கணினியைத் தொடங்கும்போதே, எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் பூட் பட்டியலுக்கான விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள். டெல், லெனோவோ கணினிகளில் எஃப்12, எச்பியில் எஃப்9, ஆசுஸ் மடிக்கணினியில் எஸ்கேப். ஏசரிலும் எஃப்12தான், ஆனால் பல மாடல்களில் அதை முதலில் பயாஸ் எனும் கணினியின் அடிப்படை அமைப்புக்குள் போய் இயக்கிவிட வேண்டும். லினக்ஸ் பென் டிரைவிலிருந்தே ஓடும்; உங்கள் டிஸ்க்கில் எதையும் எழுதாது. மேசைத்திரையில் இருக்கும் "இன்ஸ்டால்" சின்னத்தை மட்டும் தொட்டுவிடாதீர்கள்.

விண்டோஸ் பகுதி "படிக்க மட்டும்" என்று திறந்தால் அது பழுதல்ல. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி விண்டோஸை முழுமையாக அணைக்காமல் அரைத் தூக்கத்தில் வைக்கிறது. அதனால் லினக்ஸ் எச்சரிக்கையாக நடந்துகொள்கிறது. நமக்குப் படிக்க முடிந்தாலே போதும். 4 ஜிபிக்கு மேற்பட்ட வீடியோ நகலாகவில்லை என்றால் நகலைப் பெறும் பென் டிரைவ் ஃபேட்32 வடிவில் இருக்கும். அதை எக்ஸ்ஃபேட் வடிவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: லினக்ஸில் திறந்தால் பிட்லாக்கர் சாவி கேட்கிறது. நான் எந்தப் பூட்டும் போடவே இல்லையே! (ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், சென்னை)

பிட்லாக்கர் என்பது டிஸ்க்கைப் பூட்டும் விண்டோஸ் வசதி. நீங்கள் போடவில்லை ஐயா, விண்டோஸ் போட்டிருக்கிறது. புதிய கணினியை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு தொடங்கும்போது, பல கணினிகளில் டிஸ்க் தானாகவே பூட்டப்படுகிறது. 2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து இது இன்னும் பரவலாகிவிட்டது. திறவுகோல் 48 இலக்க எண். அந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்து, உங்கள் சாதனங்களின் பட்டியலில் ரெக்கவரி கீ என்ற பகுதியைப் பாருங்கள். திரையில் தெரியும் அடையாள எண்ணின் தொடக்கம் பட்டியலில் இருப்பதோடு பொருந்த வேண்டும்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், அது யாருடைய கணக்கு என்பதில். கணினி வாங்கிய அன்று அதை அமைத்துக் கொடுத்தவர் மருமகனாகவோ கடைப் பையனாகவோ இருக்கலாம். சாவியும் அவருடைய மின்னஞ்சல் கணக்கில் போய் உட்கார்ந்திருக்கும். அவரைக் கேளுங்கள். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் பிழையான புதுப்பிப்பால், மைக்ரோசாஃப்டின் கணக்குப்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையில் நின்றன. சரிசெய்வதற்குச் சில நிமிடங்கள் போதும் என்ற நிலையிலும், இந்த 48 இலக்கங்களைத் தேடியே பல நிறுவனங்களில் நாள்கள் போயின.

சாவி கிடைக்கவே இல்லை என்றால் வழியில்லை. "உடைத்துத் தருகிறேன்" என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

கேள்வி: டிஸ்க்கிலிருந்து "டிக், டிக்" என்று சத்தம் வருகிறது. உறைபெட்டியில் சில மணி நேரம் வைத்தால் சரியாகும் என்று இணையத்தில் பார்த்தேன். செய்யலாமா? (யாழ்ப்பாணம்)

கூடாது. இப்போதே மின்சாரத்தை நிறுத்துங்கள்.

நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 முறை சுற்றும் தட்டின் மேல், சில நானோமீட்டர் உயரத்தில் வாசிப்பு முனை மிதக்கிறது. அந்தச் சத்தம், முனை தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பத் திரும்ப முயல்வது. பழுதான முனை தட்டை உரசினால், உரசிய இடத்தில் இருந்த தகவல் பொடியாகிவிடும். உலகின் எந்த ஆய்வகமும் அதைத் திருப்பித் தராது. உறைபெட்டியில் வைத்து எடுத்தால் உள்ளே ஈரம் படியும், அவ்வளவுதான் பலன். மூடியைத் திறந்து பார்ப்பதும் அப்படியே: அந்த இடைவெளியில் ஒரு தூசி என்பது சாலையில் கிடக்கும் பாறை.

"அடியில் இருக்கும் பச்சைப் பலகையை மாற்றினால் போதும்" என்றும் சிலர் சொல்வார்கள். பழைய டிஸ்க்குகளில் அது நடந்தது. இப்போதைய பலகைகளில் அந்தந்த டிஸ்க்குக்கே உரிய அளவீடுகள் ஒரு சிறு சில்லில் இருக்கின்றன. அதையும் பெயர்த்து மாற்றாமல் வேலை ஆகாது.

தூசியில்லாத தூய அறை வசதியுள்ள தகவல் மீட்பு நிறுவனத்திடம் போக வேண்டியிருக்கும். பரிசோதித்த பிறகு எழுத்தில் விலை சொல்கிறார்களா, தகவல் கிடைக்காவிட்டால் கட்டணம் உண்டா, இந்த இரண்டையும் முதலிலேயே கேளுங்கள். செலவு புதிய மடிக்கணினியின் விலையை எட்டலாம். உள்ளே இருப்பது அதற்குத் தகுமா என்று வீட்டில் உட்கார்ந்து பேசிவிட்டுப் போங்கள். தரவிறக்கிய படங்களுக்காக அவ்வளவு செலவு செய்வதில் பொருளில்லை.

கேள்வி: சத்தம் எதுவும் இல்லை. ஆனால் டிஸ்க் திறக்கப் பத்து நிமிடம் ஆகிறது, நகல் பாதியில் நிற்கிறது. உறவினர் ஒருவர் செக்டிஸ்க் ஓட்டச் சொல்கிறார். (திருச்சி)

உறவினரிடம் நன்றி சொல்லிவிட்டு, ஓட்டாமல் விடுங்கள். விண்டோஸின் டிஸ்க் சோதனைக் கருவியான செக்டிஸ்க் காப்பாற்றுவது கோப்பு முறைமையின் (எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற பதிவின்) ஒழுங்கை. உங்கள் கோப்பை அல்ல. கணக்கு இடிக்கிறது என்றால் அது உள்ளீடுகளை வெட்டி எறியும்; மிச்சத்தைப் பெயரில்லாத துண்டுகளாக ஒரு கோப்புறையில் கொட்டிவைக்கும். தேய்ந்துகொண்டிருக்கும் டிஸ்க்கில் அதன் நீண்ட ஓட்டமே கடைசி ஓட்டமாகவும் ஆகலாம்.

முதலில், டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் அறிக்கையைப் பாருங்கள். விண்டோஸில் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ காட்டும். உபுண்டுவில் டிஸ்க்ஸ் என்ற செயலியே காட்டும். 05, சி5, சி6 என்ற மூன்று வரிசைகளின் மூல மதிப்பு சுழியமாக இல்லாமல் ஏறிக்கொண்டே போனால் தட்டில் படிக்க முடியாத இடங்கள் பெருகுகின்றன.

அந்த நிலையில் கோப்பு கோப்பாக நகலெடுப்பது தவறு. ஒரு கெட்ட இடத்தில் விண்டோஸ் முட்டி மோதிக்கொண்டிருக்க, நல்ல இடங்களுக்கான நேரம் கரைகிறது. லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற இலவசக் கருவி இருக்கிறது. எளிதாகப் படிக்க முடிவதை எல்லாம் முதலில் வேகமாக எடுத்துவிட்டு, முரண்டு பிடிக்கும் இடங்களுக்குப் பிறகு திரும்பும். எங்கே நிறுத்தினோம் என்பதை ஒரு வரைபடக் கோப்பில் குறித்துவைப்பதால், டிஸ்க் சூடானால் நிறுத்தி மறுநாள் தொடரலாம். நகலுக்கு மூல டிஸ்க்கைவிடப் பெரிய வெளி டிஸ்க் வேண்டும். ஒரே ஆபத்து: மூலம் எது, இலக்கு எது என்பதைத் தலைகீழாகக் கொடுத்தால் எல்லாம் போய்விடும். லினக்ஸ் பழகியவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். கோப்புகளைத் தேடுவது, ஒட்டுப்போடுவது எல்லாம் அந்த நகலின் மேல்தான். மூலத்தை எடுத்து அலமாரியில் வைத்துவிடுங்கள்.

கேள்வி: டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் இரண்டையும் எடுத்துவிட்டேன். ஆனால் டேலி கணக்குகளைக் காணவில்லை. டெஸ்க்டாப்பும் பாதி காலியாக இருக்கிறது. (மளிகை மொத்த வியாபாரி, விருதுநகர்)

டேலி தன் தரவை அங்கே வைப்பதில்லை. இடத்தை மாற்றாமல் நிறுவியிருந்தால், யூசர்ஸ் கோப்புறைக்குள் பப்ளிக், அதற்குள் டேலியின் பெயரில் ஒன்று, அதற்குள் டேட்டா. உள்ளே வெறும் எண்களையே பெயராகக் கொண்ட கோப்புறைகள் இருக்கும்; ஒவ்வொன்றும் ஒரு நிறுவனத்தின் கணக்கு. முழு டேட்டாவையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

டெஸ்க்டாப் காலியாக இருப்பதற்கு, மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பகமான ஒன்டிரைவ் காரணமாக இருக்கலாம். அது டெஸ்க்டாப்பையே தன் கோப்புறைக்குள் இழுத்துக்கொண்டிருக்கும். யூசர்ஸில் உங்கள் பெயருக்குள் ஒன்டிரைவைத் திறந்து பாருங்கள். மேகச் சின்னம் மட்டும் இருந்த கோப்புகள் டிஸ்க்கில் இருக்கவே இருக்காது. வேறு கணினியின் உலாவியில் ஒன்டிரைவுக்குள் நுழைந்தால் அப்படியே கிடைக்கும். உண்மையில் டிஸ்க்கைத் தொடுவதற்கு முன்பே பார்க்க வேண்டிய இடம் அது.

கேள்வி: விண்டோஸ் எக்ஸ்பி காலத்து டிஸ்க்கிலிருந்து என் கட்டுரைகளை மீட்டேன். திறந்தால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகக் குப்பை போல இருக்கிறது. கெட்டுவிட்டனவா? (சிற்றிதழ் ஆசிரியர், மதுரை)

ஒரு எழுத்தும் கெடவில்லை ஐயா, எழுத்துருதான் இல்லை. யூனிகோடு பரவுவதற்கு முன்பு பாமினி, டிஸ்கி, டாம், டாப் என்று ஆளுக்கொரு குறியேற்றத்தில் (எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் முறையில்) தட்டச்சு செய்தோம். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டில் டாம், டாப் இரண்டையும் தரப்படுத்திய பிறகும் பதிப்பகங்கள் தத்தம் பழைய எழுத்துருக்களையே விடாமல் வைத்திருந்தன. கணினிக்கு அவையெல்லாம் ஆங்கில எழுத்துகள்; தமிழாகக் காட்டியது எழுத்துரு மட்டுமே.

அந்த எழுத்துரு உங்கள் பழைய டிஸ்க்கிலேயே இருக்கும். விண்டோஸ் கோப்புறைக்குள் ஃபான்ட்ஸ் என்பதை முழுவதுமாக நகலெடுத்து, தமிழ் எழுத்துருக்களைப் புதிய கணினியில் நிறுவுங்கள். கட்டுரைகள் தமிழாகத் தெரிந்ததும் ஒவ்வொன்றையும் பிடிஎஃப் ஆகச் சேமியுங்கள். பிறகு என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற இலவசக் கருவியால் யூனிகோடுக்கு மாற்றலாம். மாற்றியதை மூலத்தோடு ஒப்பிட்டுப் படியுங்கள். இடையில் வரும் ஆங்கிலச் சொற்களும் எண்களும் சில சமயம் சிதையும். பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறக்க அந்தப் பழைய மென்பொருளே வேண்டும். அதை இன்னும் வைத்திருக்கும் அச்சகத்தாரைப் பிடியுங்கள்.

கேள்வி: தம்பி அவசரப்பட்டு விண்டோஸை மறுபடி நிறுவிவிட்டான். பழைய படங்களை மீட்க மென்பொருள் உண்டா? (சேலம்)

சுற்றும் ஹார்ட் டிஸ்க் என்றால் ஓரளவு நம்பிக்கை உண்டு. உடனே அணைத்து, டிஸ்க்கைக் கழற்றி, வேறு கணினியிலிருந்து ஃபோட்டோரெக் ஓட்டுங்கள். மீண்டும் எழுதப்படாத இடத்தில் இருந்த படங்கள் வரும். கோப்புப் பெயரும் கோப்புறையும் வராது. சுற்றும் தட்டு இல்லாத எஸ்எஸ்டி என்றால் வாய்ப்பு மிகக் குறைவு. அழித்த இடங்களை டிரிம் கட்டளை வழியாக விண்டோஸ் தெரிவித்துவிடும். எஸ்எஸ்டி அவற்றைத் தானே துடைத்துவிடும்.

கேள்வி: வெள்ளநீர் புகுந்த கணினியின் டிஸ்க்கை வெயிலில் காயவைத்து இயக்கலாமா? (தூத்துக்குடி)

வேண்டாம். பெரும்பாலான ஹார்ட் டிஸ்க்குகளில் காற்றுத் துளை உண்டு. சேறு உள்ளே போயிருக்கும். காயவைத்தால் அது தட்டில் ஒட்டிக்கொள்ளும். இயக்காமல், சூடு காட்டாமல், நேராக மீட்பு நிறுவனத்துக்கு அனுப்புங்கள்.

கேள்வி: பழுதுபார்க்கக் கொடுத்தால் குடும்பப் படங்களைக் கடையில் பார்ப்பார்களோ என்று தயக்கமாக இருக்கிறது. (திருநெல்வேலி)

நியாயமான தயக்கம், அம்மா. டிஸ்க்கைக் கழற்றி வீட்டில் வைத்துக்கொண்டு கணினியை மட்டும் கொடுங்கள். "டிஸ்க் இல்லாமல் எப்படிச் சோதிப்பது?" என்பார்கள். பயாஸ் திரை வருகிறதா என்று பார்க்க டிஸ்க் தேவையில்லை. அதற்கு மேல் வேண்டுமென்றால் தங்கள் பென் டிரைவிலிருந்து தொடங்கிப் பார்க்கட்டும். மெல்லிய மடிக்கணினிகள் சிலவற்றில் சேமிப்பகம் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். அங்கே இந்த வழி செல்லாது. அப்படிப்பட்ட கணினியை உங்கள் கண்ணெதிரே திறந்து வேலை பார்க்கும் கடையாகத் தேடிக் கொடுங்கள்.