டொமைன் வாங்கும்போது வாலையும் கவனியுங்கள்

கேள்வி: சென்னிமலையில் போர்வை மொத்த வியாபாரம் செய்கிறோம். கடைக்கு வெப்சைட் தொடங்கப் போகிறோம். டாட் இன் போதும் என்கிறேன் நான். அது அரசாங்கத்துடையது, ஏதாவது தகராறு வந்தால் பிடுங்கிவிடுவார்கள், தனியார் நடத்தும் டாட் காம்தான் பாதுகாப்பு என்கிறான் மகன். யார் சொல்வது சரி?

பதில்: இந்த விஷயத்தில் நான் உங்கள் பக்கம். ஆனால் மகனுடைய சந்தேகம் நியாயமானது. டொமைன், அதாவது வெப்சைட்டின் முகவரிப் பெயர், வாங்கும் பலருக்கு, அதன் வாலான டாட் இன்னோ டாட் காமோ யார் கையில் இருக்கிறது என்ற கேள்வி தோன்றுவதே இல்லை.

முதலில் ஒன்று. டொமைன் என்பது கிரயம் அல்ல, குத்தகை. வருடாவருடம் பணம் கட்டும்வரை பெயர் உங்களிடம் இருக்கும். எனவே குத்தகைக்கு விடுபவர் யார் என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

டாட் இன்னுக்குப் பின்னால் மூன்று அடுக்கு இருக்கிறது. மேலே நிக்ஸி. 2003இல் தொடங்கிய, லாப நோக்கமில்லாத நிறுவனம். மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் கீழ் வருகிறது. விதிகளை வகுப்பது இதுதான். நடுவில், பெயர்ப் பட்டியலை இரவும் பகலும் இயங்கவைக்கும் தனியார் தொழில்நுட்ப நிறுவனம். முதலில் அஃபிலியாஸ், பிறகு நியூஸ்டார், இப்போது கனடாவின் டுகோஸ். கீழே, உங்களுக்கு விற்கும் ரெஜிஸ்ட்ரார் கம்பெனிகள். பத்திர ஆபீஸ் கணக்காகச் சொன்னால், நிக்ஸி சார்பதிவாளர். நீங்கள் காசு கொடுக்கும் கம்பெனி வெளியே மேஜை போட்டிருக்கும் பத்திர எழுத்தர். எழுத்தரை மாற்றலாம், பதிவேட்டை மாற்ற முடியாது.

இந்த ஏற்பாடு 2005இல் வந்தது. அதற்கு முன் மும்பையில் இருந்த ஓர் அரசு ஆராய்ச்சி நிறுவனம் முழுக்கத் தன் கையில் வைத்திருந்தது. விதிகள் அவ்வளவு இறுக்கம். அத்தனை வருடத்திலும் மொத்தம் சுமார் 7 ஆயிரம் பெயர்கள்தான் பதிவாயின. விற்பனையைத் தனியாருக்குத் திறந்துவிட்ட பிறகு இன்று 40 லட்சத்தைத் தாண்டியிருக்கிறது. அரசு தனியாகப் பிடித்துவைத்திருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல கணக்கு என்னிடம் இல்லை.

சரி, பிடுங்குவது? டாட் காமை நடத்துவது வெரிசைன் என்ற அமெரிக்க நிறுவனம். தனியார்தான், ஆனால் அமெரிக்கச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது. 2012இல் போடாக் என்ற சூதாட்டத் தளத்தின் டாட் காம் பெயரை அமெரிக்க அரசு பறிமுதல் செய்தது. அந்தப் பெயரைப் பதிவு செய்திருந்தது கனடா கம்பெனி வழியாக! பதிவேடு அமெரிக்காவில் இருந்ததால் நேராக வெரிசைனுக்கே உத்தரவு போய்விட்டது. ஆக, எந்த வாலை வாங்கினாலும் ஏதோ ஒரு நாட்டின் நீதிமன்றம் அதற்கு மேலே இருக்கும். சென்னிமலைக்காரருக்கு அந்த நீதிமன்றம் இந்தியாவிலேயே இருப்பது நல்லது. வெளிநாட்டுக்கு ஏற்றுமதி உண்டென்றால் டாட் காமையும் சேர்த்து எடுத்துவையுங்கள்.

அரசுப் பிடி இருப்பதால் கிடைக்கும் ஒரு நன்மையையும் சொல்ல வேண்டும். வங்கிகளுக்கு மட்டும் பேங்க் டாட் இன் என்ற தனி வாலை ரிசர்வ் வங்கி 2025இல் கொண்டுவந்தது. அதை வங்கி அல்லாத யாரும் வாங்க முடியாது. உங்கள் வங்கியின் பெயரில் லிங்க் வந்தால் தட்டுவதற்கு முன் முகவரி அப்படி முடிகிறதா என்று பாருங்கள்.

கேள்வி: கல்லூரியில் படித்தபோது இலவசமாக ஒரு டாட் எம்எல் முகவரி வாங்கி, ஊர்க் கோயில் கல்வெட்டுப் படங்களைப் போட்டுவந்தேன். ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டது. யாரிடம் புகார் செய்வது?

பதில்: படங்கள் உங்கள் கணினியில் பத்திரமாக இருக்கும் என்று நம்புகிறேன். முகவரி திரும்பக் கிடைக்காது. மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது, ஆனால் உங்களை வீணாக அலையவிட விரும்பவில்லை.

எம்எல் என்பது ஆப்பிரிக்காவின் மாலி நாடு. மாலியும் கபோனும் பசிபிக்கில் உள்ள டோக்கெலாவும் இன்னும் இரண்டு ஆப்பிரிக்க நாடுகளும் தங்கள் வால்களை ஃப்ரீனம் என்ற நெதர்லாந்து கம்பெனியிடம் ஒப்படைத்திருந்தன. அது இலவசமாக வாரிக் கொடுத்தது. சுமார் 1,500 பேர் வாழும் டோக்கெலாவின் டாட் டிகே, ஒரு காலத்தில் ஜெர்மனியின் டாட் டிஇயை விடப் பெரிய பதிவேடாக இருந்தது. விதியை யார் படித்தார்கள்? இலவசப் பெயர்களுக்குச் சட்டப்படி பதிவுதாரர் அந்தக் கம்பெனியேதான். உங்களுக்குக் கிடைத்தது பயன்படுத்தும் அனுமதி மட்டும். மோசடிக்காரர்களும் அங்கேயே குவிந்தார்கள். ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா வழக்குப் போட்டது. 2023இல் புதிய பதிவு நின்றது. அதே வருடம் ஜூனில் கபோன் தன் டாட் ஜிஏவைத் திரும்ப எடுத்துக்கொண்டு, 70 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்களை நீக்கப்போவதாக அறிவித்தது. ஜூலையில் மாலியின் ஒப்பந்தமும் முடிந்தது. 2024இல் டொமைன் தொழிலையே விடுவதாக ஃப்ரீனம் சொல்லிவிட்டது.

ஆக, தனியாரிடம் மொத்தமாகத் தூக்கிக் கொடுத்ததன் பலனை அந்த நாடுகளோடு சேர்ந்து நீங்களும் அனுபவித்திருக்கிறீர்கள். நாடு பிறகு திரும்ப வாங்கியது நியாயமே. ஆனால் அங்கே குடியிருந்தவர்களுக்குக் கேட்பார் இல்லை. கல்வெட்டுப் படங்களுக்கு இனி ஒரு டாட் இன் எடுங்கள். வருடத்துக்குச் சில நூறு ரூபாய்தான். முதல் வருடச் சலுகை விலையைப் பார்த்து மயங்காமல், இரண்டாம் வருடம் புதுப்பிக்க எவ்வளவு என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

கேள்வி: யாழ்ப்பாணத்தில் கணினி வகுப்பு நடத்துகிறேன். டாட் எல்கே அரசாங்கத்தின் கையிலா இருக்கிறது?

பதில்: இல்லை. தனியார் வியாபாரமும் இல்லை. மொறட்டுவைப் பல்கலைக்கழகக் கல்வியாளர்கள் 1990இல் தொடங்கிவைத்த எல்கே டொமைன் ரெஜிஸ்ட்ரி, லாப நோக்கமற்ற நிறுவனமாக அதை நடத்துகிறது. தமிழ் எழுத்திலேயே அமைந்த டாட் இலங்கையும் அவர்களிடம்தான். 2021 பெப்ரவரியில் கூகுளின் எல்கே முகவரி உட்படச் சில பெயர்கள் ஹேக்கர்களால் வேறு பக்கத்துக்குத் திசைதிருப்பப்பட்டன. அப்படியொரு நாள் யாருடைய நிர்வாகத்திலும் வரலாம். தயங்காமல் வாங்குங்கள்.

கேள்வி: எங்கள் வெப்சைட்டைச் செய்துகொடுத்தவரே டொமைனையும் வாங்கினார். இப்போது போனை எடுப்பதில்லை. பெயர் எங்களுடையதுதானே?

பதில்: யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவருடையது. என் அக்கா சமையல் கான்ட்ராக்ட் எடுப்பவர். அவருக்கும் ஒருவர் இப்படித்தான் தன் பெயரில் வாங்கி வைத்தார். புதுப்பிக்கச் சொல்லும் மெயில்கள் வாங்கிவைத்த அந்த ஆளுடைய பழைய ஐடிக்குப் போய்க்கொண்டிருந்தன. அவர் பார்க்கவில்லை, பெயர் காலாவதியாகி வேறு யார் கைக்கோ போனது. அந்த முகவரி அச்சிட்ட 2,000 விசிட்டிங் கார்டு வீட்டில் இருந்தது. ஒவ்வொன்றிலும் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டி, புது முகவரியைக் கையால் எழுதினோம். பாதிக்கு மேல் எழுதியது என் அக்கா மகள்.

ஒரு டொமைன் யாருடையது என்று காட்டும் ஹூ இஸ் (whois) தேடலில் இன்றே உங்கள் டொமைன் பெயரைப் போட்டுப் பாருங்கள். டாட் இன் என்றால் மற்ற விவரங்கள் மறைந்திருந்தாலும் பதிவுதாரர் நிறுவனத்தின் பெயர் பெரும்பாலும் தெரியும். காலாவதித் தேதி கட்டாயம் தெரியும். எந்த ரெஜிஸ்ட்ரார் என்பதும் அங்கேயே இருக்கும். ஜிஎஸ்டி சான்று, நீங்கள் பணம் கட்டிய ரசீது, வெப்சைட் செய்தவரோடு நடந்த வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் இணைத்து அந்த ரெஜிஸ்ட்ராருக்கு எழுதுங்கள். வெப்சைட் செய்தவர் வேண்டுமென்றே பிடித்துவைத்திருந்து, பெயரும் உங்கள் கடையின் அடையாளம் என்று காட்ட முடிந்தால், டாட் இன்னுக்கு நிக்ஸியின் நடுவர் முறை இருக்கிறது. ஐஎன்டிஆர்பி என்பார்கள். அதற்குக் கட்டணமும் நேரமும் ஆகும் என்பதால், முதலில் நேரில் போய்ப் பேசிப் பாருங்கள். பெயர் கைக்கு வந்ததும், புதுப்பிக்கும் நினைவூட்டல் போகும் மெயில் ஐடியை மாற்றுங்கள். வேலைக்கு இருக்கும் பையனுடைய ஐடி வேண்டாம். தினமும் நீங்களே திறந்து பார்க்கும் ஐடியைக் கொடுங்கள்.