பணம் ‘பெய்ட்’, பாய் ‘பெய்ட் ஃபார்’

அண்ணாச்சிக்கு வணக்கம்.

பத்தமடையில் கோரைப்பாய் வாங்கி வெளியூர்களுக்கு அனுப்புகிறோம். வெளிநாட்டுக்காரர்களுக்கு இங்கிலீஷில் பதில் எழுதுவது என் வேலை. போன வாரம் ஒருவருக்கு ‘யுவர் கம்ப்ளைன்ட் வில் பி லுக்ட்’ என்றும், ‘டூ மேட்ஸ் ஆர் நாட் பெய்ட்’ என்றும் எழுதினேன். அவர் ‘லுக்ட் இன்டு’, ‘பெய்ட் ஃபார்’ என்று திருத்தி அனுப்பிவிட்டார். பாசிவ் வாய்ஸ் என்றால் கடைசியில் ‘பை’ வரும் என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்தேன். இந்த ‘இன்டு’வும் ‘ஃபாரு’ம் எங்கிருந்து வந்தன? கோரையில் செய்தது என்பதற்கு ‘மேட் பை கோரை’ என்று போட்டிருக்கிறேன். அதுவும் சரிதானா?

— ஒரு வாசகர், பத்தமடை

அன்புள்ள தம்பிக்கு,

அந்த ‘இன்டு’ புதிதாக வந்ததில்லை. முதலிலேயே இருந்ததை நீங்கள் வாக்கியத்தைத் திருப்பும்போது விட்டுவிட்டீர்கள். மூல வாக்கியத்தைத் தாளில் எழுதிப் பாருங்கள்: ‘வி வில் லுக் இன்டு யுவர் கம்ப்ளைன்ட்.’ இதில் ‘யுவர் கம்ப்ளைன்ட்’ என்பதை மட்டும் விரலால் மறையுங்கள். அந்த மறைத்த பகுதிதான் முன்னால் போகும். அடுத்து ‘வில் பி’ போட்டு, ‘லுக்’கை ‘லுக்ட்’ ஆக்குங்கள். ‘இன்டு’வைத் தொடவே வேண்டாம், இருந்த இடத்திலேயே இருக்கட்டும். ‘யுவர் கம்ப்ளைன்ட் வில் பி லுக்ட் இன்டு.’ வாக்கியம் ‘இன்டு’, ‘ஃபார்’ போன்ற பிரிபொசிஷனில் முடிகிறதே என்று கூச வேண்டியதில்லை. அங்கே முடிவதுதான் சரி.

நம் நாக்கு அதை விட்டுவிடுவதற்குக் காரணம் இருக்கிறது. தமிழில் வேற்றுமை உருபு பெயரோடு ஒட்டிக்கொண்டது. ‘புகாரை விசாரிக்கிறோம்’ என்றாலும் ‘விசாரிக்கிறோம், புகாரை’ என்றாலும் ‘ஐ’ புகாரோடுதான் போகும். இங்கிலீஷில் பெயர் எழுந்து போய்விடும், பிரிபொசிஷன் வினையின் பக்கத்திலேயே தங்கிவிடும். அதுபோக, பாசிவுக்குத் தமிழில் வரும் ‘படு’வை (‘கட்டப்பட்டது’ போல) நாம் பேச்சில் போடுவதே அபூர்வம். ‘பணம் கட்டியாச்சு’, ‘பாய் அனுப்பியாச்சு’ என்று முடித்துவிடுவோம். நம் இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல், 1856-இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்திலேயே திராவிட மொழிகளில் முறையான செயப்பாட்டு வினை, அதாவது பாசிவ், கிடையாது என்று எழுதினார். ஆகவே, உங்கள் தவறு கவனக்குறைவு அல்ல, தாய்மொழிப் பழக்கம்.

‘பெய்ட்’ விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். பணம் ‘பெய்ட்’: கட்டியாச்சு. ‘த வீவர் வாஸ் பெய்ட்’ என்றால் நெய்தவருக்குக் கூலி கொடுத்தாச்சு. ‘த வீவர் வாஸ் பெய்ட் ஃபார்’ என்றால் நெய்தவருடைய செலவை வேறொருவர் ஏற்றுக்கொண்டார், அதாவது பஸ் டிக்கெட்டோ சாப்பாடோ எடுத்துக்கொடுத்தார். பாய்க்கு யாரும் கூலி தருவதில்லை. பாய்க்காகத்தான் பணம் தருகிறார்கள். அதனால் பாய் எப்போதும் ‘பெய்ட் ஃபார்’. ‘சென்ட்’ என்ற சொல்லும் இதே மாதிரிதான். ‘த மேட் வாஸ் சென்ட்’ என்றால் பாயை அனுப்பியாச்சு. ‘த வீவர் வாஸ் சென்ட் ஃபார்’ என்றால் ஆள் விட்டு அவரை வரச் சொன்னார்கள். ஒரு ‘ஃபார்’ விட்டுப்போனால் வந்தவர் போனவராகிவிடுவார்.

‘பை’ தனிச் சங்கதி. செய்தவரைச் சொல்ல வேண்டியிருந்தால் மட்டும் அதைக் கடைசியில் சேருங்கள். அப்போது இரண்டு பிரிபொசிஷன் அடுத்தடுத்து வரும்: ‘ஹி வாஸ் லாஃப்ட் அட் பை த பாய்ஸ்.’ இதைப் பார்த்துப் பயந்துதான் பலரும் ‘அட்’டை எடுத்துவிடுகிறார்கள். எடுக்கக் கூடாது. ‘அட்’ சிரிப்புக்கு ஆளானவனைக் காட்டுகிறது, ‘பை’ சிரித்தவர்களைக் காட்டுகிறது. உச்சரிப்பிலும் ஒன்றைக் கவனியுங்கள். ‘லுக் அட் திஸ்’ என்று சாதாரணமாகச் சொல்லும்போது ‘அட்’ தேய்ந்து பாதியாகிவிடும். ‘இட் இஸ் பீயிங் லுக்ட் அட்’ என்று முடியும்போது அது முழுசாக ஒலிக்க வேண்டும். அங்கேயும் அதை விழுங்கினால் கேட்பவருக்கு வாக்கியம் முடிந்ததாகவே தெரியாது.

எல்லா வினையையும் இப்படித் திருப்ப முடியாது. ‘பிலாங் டு’வை ஒருநாளும் திருப்பாதீர்கள். செய்கை ஒரு பொருள்மேல் பட்டு, அதில் ஏதாவது ஆகியிருந்தால்தான் திருப்பலாம். ‘திஸ் மேட் ஹாஸ் பீன் ஸ்லெப்ட் ஆன்’ சரியான வாக்கியம்: யாரோ படுத்த பாய், புதிது அல்ல என்று அர்த்தம். வாங்குபவர் அப்படி எழுதினால் அது பெரிய புகார் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஆற்றங்கரையில் ஒருவர் தூங்கினார் என்பதற்காகத் தாமிரபரணியை முன்னால் வைத்து ‘ஸ்லெப்ட் பிசைட்’ என்று எழுத முடியாது. அவர் தூங்கியதால் ஆற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை.

இல்லாத பிரிபொசிஷனை நுழைப்பதும் நம்மிடம் உண்டு. ‘த ரேட் வாஸ் டிஸ்கஸ்ட் அபவுட்’ தவறு, ‘டிஸ்கஸ்ட்’ போதும். மூல வாக்கியத்தில் ‘டிஸ்கஸ்’ பக்கத்தில் ‘அபவுட்’ கிடையாது, பின்னே திருப்பும்போது எப்படி வரும்? ‘இதன்மூலம் தெரிவிக்கப்படுகிறது’ என்ற அலுவலகத் தமிழை அப்படியே மாற்றி ‘இட் இஸ் இன்ஃபார்ம்ட் டு யு’ என்பதும் தவறு. ‘இன்ஃபார்ம்’ நேராக ஆளைப் பிடிக்கும் வினை. ‘யு வில் பி இன்ஃபார்ம்ட்’ என்று எழுதுங்கள். ‘எக்ஸ்ப்ளெய்ன்’ இதற்கு நேர் எதிர். ‘ஐ வாஸ் எக்ஸ்ப்ளெய்ன்ட்’ என்பது கூடாது, ‘இட் வாஸ் எக்ஸ்ப்ளெய்ன்ட் டு மீ’ என்பதே சரி.

இனி, பாயைக் குறிக்கும் ‘மேட்’ அல்ல, ‘செய்தது’ என்ற பொருளில் வரும் ‘மேட்’. பாயைத் தொட்டால் கோரை கோரையாகவே தெரிகிறது, ஆகவே ‘மேட் ஆஃப் கோரை’. அல்வாவில் கோதுமை தெரியாது. ஊறவைத்து, அரைத்து, பாலெடுத்து, கிண்டிய பிறகு அது வேறு பொருள். அதனால் ‘மேட் ஃப்ரம் வீட்’. பதநீரைக் காய்ச்சி எடுக்கும் கருப்பட்டிக்கும் ‘ஃப்ரம்’தான். இன்ன சாமானும் சேர்ந்திருக்கிறது என்று சொல்ல ‘மேட் வித் கீ’. ‘பை’ வந்தால் செய்த ஆள் அல்லது செய்த முறை: ‘மேட் பை ஹேண்ட்’. நீங்கள் எழுதிய ‘மேட் பை கோரை’க்குக் கோரையே உட்கார்ந்து பாய் நெய்தது என்றுதான் அர்த்தம் வரும். கல்யாணப் பாயில் மணமக்கள் பெயரை நெய்வதற்கு ‘த நேம்ஸ் ஆர் வோவன் இன்டு த மேட்’ என்று எழுதுங்கள். ‘இன்டு’ போட்டால்தான் பெயர் மேலே ஒட்டியதல்ல, நெசவுக்குள்ளேயே இருப்பது என்று வாங்குபவருக்குப் புரியும்.

புகாருக்குப் பதில் எழுதும்போது மட்டும் பாசிவையே தவிருங்கள். ‘வில் பி லுக்ட் இன்டு’ இலக்கணப்படி சரிதான், ஆனால் யார் பார்ப்பார்கள் என்பதை அது சொல்லாமல் விடுகிறது. புகார் கொடுத்தவர் தெரிந்துகொள்ள நினைப்பது அதைத்தான். பணக் கணக்குக்குப் பாசிவ் நல்லது, ‘நீ கட்டவில்லை’ என்று முகத்துக்கு நேரே சொல்லாமல் சொல்லிவிடலாம். அவருக்கு இப்படி எழுதி அனுப்புங்கள்: ‘வி ஆர் லுக்கிங் இன்டு யுவர் கம்ப்ளைன்ட். டூ மேட்ஸ் ஹாவ் நாட் யெட் பீன் பெய்ட் ஃபார்.’