சுங்கச் சாவடியும் நூலக அலமாரியும்: கேள்வி பதில்

பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்த தென்னாற்காட்டிலும் (இன்றைய கடலூர், விழுப்புரம் பகுதி) பிரெஞ்சிந்தியாவிலும் (புதுச்சேரி, காரைக்கால் முதலியவை) இறக்குமதிச் சுங்கம் எப்படி வாங்கப்பட்டது, பொது நூலகங்களுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்ற இரண்டைப் பற்றியும் வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். கேட்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். எந்த ஆண்டு, எந்தக் கொடியின் கீழ் என்று சொல்லிவிட்டுக் கேளுங்கள். கடலூர்–புதுச்சேரி எல்லையிலுள்ள முள்ளோடைக்கு இந்தப் பக்கம் ஒரு சட்டம், அந்தப் பக்கம் வேறொரு சட்டம். இரண்டையும் சேர்த்து ‘வெள்ளைக்காரன் காலம்’ என்று பேசினால் எந்தப் பதிலும் சரியாக வராது.

பண்ருட்டியிலிருந்து ஒரு மாணவி: புதுச்சேரி சுங்கமில்லாத துறைமுகம் என்று படித்தேன். அப்படியானால் எல்லோரும் அங்கேயே சரக்கை இறக்கிக் கடலூருக்கு வண்டியில் கொண்டுவந்திருக்கலாமே, ஐயா?

நல்ல கேள்வி, அம்மா. இறக்கலாம், கொண்டுவருவதுதான் சிக்கல். சென்னை மாகாணத்துக்குள் ஊருக்கு ஊர் வாங்கிவந்த வழிச் சுங்கத்தை 1844ஆம் ஆண்டின் 6ஆம் சட்டம் ஒழித்தது. பாடநூல்கள் அதோடு நிறுத்திவிடும். கடற்கரையிலுள்ள அந்நிய ஐரோப்பியக் குடியேற்றங்களிலிருந்து தரைவழியாக வரும் சரக்குக்கும் கடல்வழி வந்த சரக்குக்கு உரிய வரியையே வாங்க வேண்டும் என்பதும் அந்தச் சட்டத்தில்தான் இருக்கிறது. உள்நாட்டுச் சாவடிகள் போயின; புதுச்சேரியைச் சுற்றி நின்றவை நிலைத்தன. 1924இல் தரைச் சுங்கத்துக்கென்றே தனிச் சட்டமும் வந்தது.

வரைபடத்தில் அந்த எல்லையைப் பாருங்கள். பாகூர், வில்லியனூர் பக்கங்களில் பிரெஞ்சு கிராமமும் பிரிட்டிஷ் கிராமமும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடந்தன. வயல்வரப்பு தாண்டினால் வேறு நாடு. அத்தனை வரப்பிலும் காவல் போட எந்த அரசாலும் முடியாது. அதனால் சாலையையும் ரயிலையும் பிடித்துக்கொண்டார்கள். விழுப்புரம்–புதுச்சேரி ரயில் பாதை 1879இல் திறந்தபின் சோதனைக்கு அது இன்னொரு வாசலானது.

கடத்தினால் லாபமா என்பதை ஆண்டுதான் முடிவு செய்தது. 1882இல் பிரிட்டிஷ் இந்தியா உப்பு, மது போன்ற சிலவற்றைத் தவிர மற்ற இறக்குமதி வரிகளை எடுத்துவிட்டது. அதற்குப் பின்னால் இங்கிலாந்தின் லங்காஷயர் துணி ஆலைக்காரர்களின் நெருக்குதல் இருந்தது. அந்த 12 ஆண்டுகளில் சீமைத் துணியை வைக்கோலுக்கடியில் ஒளித்துக் கொண்டுவர யாருக்கும் தேவை இல்லை. 1894இல் பொது வரி 5 சதவீதமாகத் திரும்பி வந்தது. முதல் உலகப் போரின் செலவு ஏற ஏற அது கூடி, 1922இல் 15 சதவீதமாயிற்று. சாவடிக்கு மீண்டும் வேலை வந்ததும் அப்போதுதான்.

உங்கள் ஊருக்கு இதில் நேர் எதிரான பங்கும் உண்டு. பண்ருட்டிப் பக்கத்து மல்லாட்டை (நிலக்கடலை) புதுச்சேரி போய், அங்கிருந்து கப்பலேறி, எண்ணெய் ஆட்டப் பிரான்சின் மார்செய் துறைமுகத்துக்குப் போயிற்று. எல்லை ஒரு திசையில் மட்டும் இயங்கவில்லை.

விழுப்புரம், ஓர் ஆசிரியர்: புதுச்சேரி ஆலைத் துணி, இந்தியத் துணியா, அந்நியத் துணியா?

பிரிட்டிஷ் சாவடிக்கு அது அந்நியத் துணி. அந்த ஆலைகள் நெய்த நீலத் துணிக்குப் பெரிய சந்தை மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல். அங்கே பிசின் வாங்க அதைப் பணம்போலவே கொடுத்தார்கள்.

காரைக்கால், பெயர் வேண்டாம் என்கிறார்: உப்புக்காகப் பிரிட்டிஷார் பிரெஞ்சுக்காரர்களுக்கு ஆண்டுதோறும் பணம் கொடுத்தார்களாமே. புதுச்சேரி நூலகம் அந்தப் பணத்தில்தான் வந்ததா?

இல்லை. 1815 மார்ச் 7 ஒப்பந்தப்படி பிரெஞ்சுப் பகுதிகளின் உப்பு வாணிகம் ஆங்கிலக் கம்பெனியின் கைக்குப் போனது. பதிலுக்கு ஆண்டுக்கு 4 லட்சம் சிக்கா ரூபாய் (அன்றைய கம்பெனி நாணயம்). அந்தத் தொகை நெடுங்காலம் பாரிஸ் கருவூலத்தின் வருமானமாகவே எழுதப்பட்டது. உப்பளத்தை இழந்தது இங்கே, பணம் சேர்ந்தது அங்கே. காரைக்கால்காரர் இதைக் கேட்டதில் எனக்கு வியப்பில்லை.

இன்று பிரெஞ்சு எழுத்தாளர் ரோமன் ரோலண்ட் பெயரில் இருக்கும் புதுச்சேரி நூலகம் 1827இல் ஆளுநர் தெபசேன் தெ ரிஷ்மோன் காலத்தில் தொடங்கியது. ரோலண்ட் பெயர் சூட்டப்பட்டது அவருடைய நூற்றாண்டான 1966இல். ஆளுநர் மனம் வைத்தார், நூலகம் வந்தது. இது எங்கள் உரிமை என்று சொல்ல ஊர்க்காரன் கையில் ஒரு சட்டமும் இல்லை. காலனிக் காலத்து நூலகங்களைப் படிக்கும்போது நான் முதலில் தேடுவது இதைத்தான்: பணம் தயவாக வந்ததா, சட்டமாக வந்ததா?

நெல்லிக்குப்பம், அச்சகக் குடும்பத்தவர்: அன்று வெளிநாட்டுப் புத்தகங்களுக்கு இறக்குமதி வரி இருந்ததா? ‘காகிதத்துக்கு வரி கட்டியே அழிந்தோம்’ என்று தாத்தா சொல்வார்.

உங்கள் தாத்தா சொன்னதில் பெரிய உண்மை இருக்கிறது. இதை விரிவாகவே சொல்கிறேன்.

1894 சுங்கச் சட்டத்திலும் சரி, 1934 சட்டத்திலும் சரி, அச்சிட்ட புத்தகம் வரியில்லாப் பட்டியலில் இருந்தது. லண்டனில் அச்சான பாடநூல் சென்னைத் துறைமுகத்தில் வரியில்லாமல் இறங்கும். வெற்றுக் காகிதத்துக்கு வரி உண்டு. 1925இல் மூங்கில் காகிதத் தொழில் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று வந்தது. உள்நாட்டு ஆலைகளைக் காக்க, இறக்குமதியாகும் எழுதுதாளுக்கும் அச்சுத்தாளுக்கும் ராத்தலுக்கு (ஒரு பவுண்டு எடை) 1 அணா வரி. செய்தித்தாள் அச்சிடும் மட்டக் காகிதத்துக்கு, மரக்கூழின் அளவைப் பார்த்து விலக்குத் தந்தார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 ராத்தல் எடையுள்ள ஒரு ரீமுக்கு 20 அணா, அதாவது 1 ரூபாய் 4 அணா வரி மட்டும். நெல்லிக்குப்பத்தில் அந்தத் தாளில் அச்சடித்த தமிழ்ப் புத்தகத்தின் விலையில் இந்தச் சுமை ஏறி உட்காரும். பக்கத்து அலமாரியில் வரியே கட்டாத ஆங்கிலப் புத்தகம் இருக்கும். ஆலைகளைக் காத்தது தவறு என்று நான் சொல்லவில்லை. காத்ததன் விலையைத் தமிழ் வாசகன் கொடுத்தான் என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்கிறேன்.

திண்டிவனம், ஒருவர்: வெள்ளைக்காரன் காலத்தில் நூலகங்களுக்குப் பணம் தாராளமாக வந்ததாமே?

எந்த ஆண்டு? எந்த வெள்ளைக்காரன்? முன்னுரையைப் படித்துவிட்டு வாருங்கள். சென்னை மாகாணத்தைக் கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டால், கன்னிமாரா நூலகம் 1896இல் திறந்தது. அது தலைநகரத்து நூலகம். தென்னாற்காட்டுக் கிராமத்துக்கு நூலகம் தர வேண்டும் என்ற சட்டக் கடமை அன்றைய அரசுக்கு இருந்ததே இல்லை.

கடலூர் முதுநகர், ஒருவர்: நூலக வரியைப் போட்டது ஆங்கிலேயர்தானே?

இல்லை. 1948. சுதந்திர இந்தியா.

குறிஞ்சிப்பாடி, ஒருவர்: நூலக வரி ஆங்கிலேயர் விட்டுச்சென்ற நல்ல பழக்கம் என்பது என் கருத்து. நீங்கள் ஏற்கிறீர்களா?

ஏற்கவில்லை. மேலே உள்ள பதிலைப் பாருங்கள். இதே கேள்வி இன்னும் நான்கைந்து பேரிடமிருந்து வந்திருக்கிறது. எல்லோருக்குமாக ஒருமுறை முழுதாகச் சொல்லிவிடுகிறேன்; இனி இதற்குப் பதில் எழுதமாட்டேன்.

சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் நூலகத்துக்குச் சட்டம் வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் மாதிரி மசோதாக்களை எழுதி வைத்திருந்தார். கல்வி அமைச்சர் அவினாசிலிங்கம் செட்டியார் காலத்தில் சென்னைப் பொது நூலகச் சட்டம் 1948இல் நிறைவேறியது. இந்தியாவில் இத்தகைய முதல் மாகாணச் சட்டம் அது. சொத்து வரி, வீட்டு வரியின் மேல் ரூபாய்க்கு 6 பை கூடுதல் வரி. 12 பை ஓர் அணா. ஆக ரூபாய்க்கு அரை அணா. சென்னை நகரம் நீங்கலாக மற்ற இடங்களில், வசூலான தொகைக்குக் குறையாத பணத்தை அரசும் போட வேண்டும் என்று சட்டமே சொன்னது. வீட்டு வரி கட்டுகிற ஒவ்வொருவரும் நூலகத்தின் பங்காளியானார்கள். இதைக் கொண்டுவந்த பெருமையை வேறொருவருக்குத் தூக்கிக் கொடுக்காதீர்கள்.

புதுச்சேரி, ஒரு பெரியவர்: நீங்கள் பிரெஞ்சு ஆட்சியைக் குறைத்தே பேசுகிறீர்கள். பாரதியார் பத்து ஆண்டு எங்கள் ஊரில்தான் பாதுகாப்பாக இருந்தார். அது பிரெஞ்சுச் சுதந்திரம் இல்லாமல் நடந்திருக்குமா?

ஐயா, நடந்திருக்காது. 1881 ஜூலை 29 பத்திரிகைச் சட்டம் காலனிகளுக்கும் பொருந்தும் என்று அந்தச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. 1908இல் அவர் புதுச்சேரி வந்ததற்கும், ‘இந்தியா’ இதழ் அங்கிருந்து வெளிவந்ததற்கும் அது பெரிய துணை. ஆனால் அந்த இதழை வாசித்தவர்களில் பெரும்பாலோர் எல்லைக்கு இந்தப் பக்கம் இருந்தார்கள். அச்சிடும் சுதந்திரம் உங்கள் ஊரில் இருந்தது. வாசிக்கும் சுதந்திரத்தைப் பிரிட்டிஷ் சாவடி பிடித்து வைத்திருந்தது. இதழ் 1910 மார்ச்சில் நின்றது.

சிதம்பரம், ஒரு வழக்கறிஞர்: குறுக்கிடுவதற்கு மன்னியுங்கள். இதழ்களை நிறுத்தியது 1910 பத்திரிகைச் சட்டம். சுங்கத்தை ஏன் இதற்குள் இழுக்கிறீர்கள்?

சுங்கம் அந்தச் சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. 1910 பிப்ரவரியில் வந்த அந்தப் பத்திரிகைச் சட்டத்தை எடுத்துப் படியுங்கள். தரைவழியாகவோ கடல்வழியாகவோ பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் வரும் பொட்டலத்தில் ஆட்சேபத்துக்குரிய பத்திரிகையோ புத்தகமோ இருப்பதாகச் சந்தேகம் வந்தால், தலைமைச் சுங்க அதிகாரி அதைத் தடுத்து வைக்கலாம். அஞ்சல் அதிகாரிக்கும் அதேபோல் அதிகாரம் தந்தார்கள்.

அதற்கும் முன்னால் 1878 கடல் சுங்கச் சட்டத்தின் 19ஆம் பிரிவு இருக்கிறது. எந்தச் சரக்கையும் ஓர் அறிவிக்கையால் தடுக்கலாம் என்பது அதன் சாரம். அதை ஆயுதத்துக்கும் பயன்படுத்தலாம், அச்சிட்ட தாளுக்கும் பயன்படுத்தலாம். லண்டனிலிருந்து சியாம்ஜி கிருஷ்ணவர்மா நடத்திய ‘இந்தியன் சோசியாலஜிஸ்ட்’ இதழ் 1907இல் அந்தப் பிரிவில்தான் தடுக்கப்பட்டது. வழக்கு இல்லை, விசாரணை இல்லை. எழுதியவனுக்கு வாதாட இடமும் இல்லை. புத்தகத்தைச் சரக்கு என்று வகைப்படுத்திவிட்டால் நீதிமன்றம் வரை போகத் தேவையே இல்லை. வழக்கறிஞரான உங்களுக்கு இதன் கனம் என்னைவிட நன்றாகத் தெரியும்.

சிதம்பரம், அதே வழக்கறிஞர்: ஏற்கிறேன். ஆனால் புத்தகத்துக்கு வரி விலக்குத் தந்த அரசே அதைத் தடுத்தது என்றால் முரணாகத் தெரியவில்லையா?

எனக்கு முரணாகத் தெரியவில்லை. எந்தப் புத்தகம் வர வேண்டும் என்பதை அரசே தீர்மானித்தது. அது விரும்பிய புத்தகம் வரியில்லாமல் வந்தது; விரும்பாதது வரி கட்டினாலும் வரவில்லை. அன்றைய நூலக அலமாரியைப் பார்த்து மக்களின் வாசிப்பை எடைபோடும் ஆய்வாளர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். அலமாரி நிறைவதற்கு முன்பே சாவடியில் ஒரு தேர்வு நடந்து முடிந்திருக்கிறது.

புதுச்சேரி, அதே பெரியவர்: எப்படியிருந்தாலும் பாரதியாரைக் கைது செய்தது எங்கள் ஊர் அல்ல.

உண்மை, ஐயா. 1918 நவம்பரில் எல்லை தாண்டியதும் கடலூர் அருகே பிடித்தார்கள். கடலூர்ச் சிறையில் வைத்தார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் மறக்கக் கூடாத செய்தி அது. அதேபோல் 1936 ஜூலை 30 அன்று புதுச்சேரியில் ஆலைத் தொழிலாளர் 12 பேரைச் சுட்டுக் கொன்றது பிரெஞ்சுக் கொடியின் கீழ் நடந்தது. இரண்டையும் சேர்த்தே வைத்திருப்போம். இந்த விவாதத்தை இங்கே நிறுத்திக்கொள்கிறேன், காத்திருப்பவர்கள் பலர்.

திருப்பாதிரிப்புலியூர், ஒருவர்: 1949க்குப் பிறகு புதுச்சேரியில் கைக்கடிகாரக் கடத்தல் ஏன் அத்தனை பெருகியது?

1941இல் பிரிட்டிஷ் இந்தியாவும் பிரெஞ்சிந்தியாவும் சுங்க ஒன்றியம் அமைத்தன. இடையில் இருந்த சுங்க வேலி போயிற்று. 1949இல் இந்தியா அந்த ஒன்றியத்தை முறித்தது. வேலி திரும்பி வந்தது. அப்போது இந்தியாவில் இறக்குமதிக்கு உரிமம் வேண்டும். புதுச்சேரியில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. கடிகாரம், தங்கம், வைரம் போன்ற சிறிய, விலை உயர்ந்த பொருள்கள் எல்லை தாண்டின. 1954 நவம்பர் 1 ஆட்சி மாற்றத்தோடு அந்தக் கதை முடிந்தது.

பாகூர், ஒருவர்: எங்கள் நிலப் பத்திரம் பிரெஞ்சில் இருக்கிறது. செல்லுமா?

என் துறை அல்ல. பதிவுத் துறையையும், பிரெஞ்சுப் பத்திரம் படிக்கத் தெரிந்த வழக்கறிஞரையும் பாருங்கள்.

கடலூர், ஆய்வு மாணவர்: மூல ஆவணங்கள் எங்கே கிடைக்கும்?

தென்னாற்காட்டுக்கு எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம். பிரெஞ்சிந்தியாவுக்கு லாஸ்பேட்டையில் தேசிய ஆவணக் காப்பகத்தின் கிளை. தொடக்கமாக 1878இல் வந்த கார்ஸ்டினின் மாவட்டக் கையேட்டையும் 1906இல் வந்த பிரான்சிஸின் கெசட்டியரையும் படித்துவிடுங்கள். இரண்டும் ஆட்சியாளர் எழுதியவை. அதை மனத்தில் வைத்துப் படியுங்கள். குறிப்பெடுக்கும்போது ஒவ்வொரு தாளிலும் ஆண்டையும் கொடியையும் மேலே எழுதிவிடுங்கள், தம்பி.

வில்லியனூர், ஓர் ஆசிரியை: 1948 சட்டம் எங்களுக்கும் உண்டா?

இல்லை, அம்மா. அது சென்னை மாகாணச் சட்டம். நீங்கள் அப்போது பிரெஞ்சிந்தியா. புதுச்சேரி அரசு நூலகங்களை இன்று கலை பண்பாட்டுத் துறை நடத்துகிறது. உங்கள் ஊர் நூலகத்துக்கு என்ன வேண்டுமோ அதை அந்தத் துறைக்கும் உங்கள் சட்டமன்ற உறுப்பினருக்கும் எழுதுங்கள்.

மஞ்சக்குப்பம், ஒருவர்: என் வீட்டு வரி ரசீதில் நூலக வரி இருக்கிறது. எங்கள் கிளை நூலகத்தில் புதுப் புத்தகம் வந்தே நாளாகிறது. பணம் எங்கே போகிறது, ஐயா?

இப்போது சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா. ஆண்டுக்கு 2,000 ரூபாய் சொத்து வரி என்றால் 200 ரூபாய் நூலகத்துக்கு. உள்ளாட்சி அமைப்பு வசூலிக்கும். மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குச் செலுத்த வேண்டும். வசூலித்த பிறகு செலுத்தாமல் நிலுவை வைப்பது பல ஊர்களில் நடக்கிறது. இது எனக்கு ஆறாத கோபம். நூலகத்துக்கென்று வாங்கிய பணத்தை வேறு செலவுக்குத் திருப்ப யாருக்கும் உரிமை இல்லை.

தகவல் உரிமைச் சட்டத்தில் இரண்டு மனுப் போடுங்கள். உள்ளாட்சி அலுவலகத்துக்கு ஒன்று: கடந்த ஐந்து நிதியாண்டுகளில் நூலக வரியாக எவ்வளவு வசூல், எந்தத் தேதியில் எவ்வளவு செலுத்தினீர்கள்? மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்கு மற்றொன்று: அதே ஆண்டுகளில் அந்த அமைப்பிடமிருந்து எவ்வளவு வந்தது, எவ்வளவு பாக்கி? இரண்டையும் ஒரே நாளில் அனுப்புங்கள். ஒவ்வொரு கேள்வியிலும் நிதியாண்டைத் தெளிவாக எழுதுங்கள். எழுதாவிட்டால் அதையே காரணம் காட்டித் திருப்பிவிடுவார்கள். பதில்கள் வந்ததும் எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.