கேளுங்க சொல்றோம்

கேள்வி: தமிழ்நாட்டு காங்கிரஸ் தொண்டன் எப்பப் பாத்தாலும் சொந்தத் தலைமையவே திட்டிக்கிட்டு இருக்கானே, ஏன் சார்?
– டீக்கடை வாசகர், திண்டுக்கல்

பதில்: திட்டாம என்ன பண்ணுவான் பாவம்! 1967ல ஆட்சி போச்சு, அதுக்கப்புறம் கூட்டணி பஸ்ஸுல ஃபுட்போர்டு பயணம்தான். சட்டசபைத் தேர்தல்ல பாத்தா, 2011ல 63 சீட்டு வாங்கி அஞ்சுல ஜெயிச்சாங்க, 2016ல 41 வாங்கி எட்டு, 2021ல கொடுத்ததே 25தான், ஆனா அதுல 18 ஜெயிச்சாங்க. ஜெயிச்சது சந்தோசம்தான், ஆனா சீட்டு கிடைக்காத தொகுதிக்காரன் நிலைமைய யோசிச்சுப் பாருங்க, கை சின்னம் வரையலாம்னு பாத்து வச்ச சுவத்துல வேற கட்சி சின்னத்த வரையறத நின்னு பாத்துட்டு, அதுக்கே ஓட்டும் கேட்டு, பூத்துல பச்சத்தண்ணி குடிச்சு உக்காந்திருக்கணும். சரி தனியாத்தான் நிப்போம்னு 2014 எம்.பி. தேர்தல்ல நின்னாங்க, 39லயும் அவுட்டு.

தொண்டன் சொன்னத டெல்லி கேக்காத கதைக்கு 1996தான் சாட்சி. அதிமுக கூட்டணி வேணாம்னு இங்க அத்தன பேரும் கத்தியும் அப்ப பிரதமரா, கட்சித் தலைவரா இருந்த நரசிம்ம ராவ் கேக்கல, இங்க இருந்த காங்கிரஸ் தலைவர் மூப்பனார் வெளிய வந்து தமிழ் மாநில காங்கிரஸ் (தமாகா) ஆரம்பிச்சு சட்டசபையில 39 ஜெயிச்சாரு, ஒரிஜினல் காங்கிரஸுக்கு முட்டை!

கேள்வி: அப்ப சென்னை காங்கிரஸ் ஆபீஸு சத்தியமூர்த்தி பவன்ல வேட்டி கிழிஞ்சதெல்லாம் இந்தக் கோவத்துலதானா?
– அதே வாசகர்

பதில்: அது கோஷ்டிச் சண்டைங்க, பதவிக்கு அடிச்சுக்கறது. பூத்துல உக்காந்தவன் கோவம் வேற, அவன் சத்தம் போடாம வீட்டுல போய்ப் படுத்துக்குவான்.