கும்மோணம் பாங்கி

கேள்வி: ஏமாற்று வேலையைப் பழைய ஆட்கள் 'கும்பகோணம் வேலை' என்பார்கள். அந்தக் கேலிக்குப் பயந்துதான் சிட்டி யூனியன் பேங்க் தன் பெயரிலிருந்து ஊரை எடுத்துவிட்டதா?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: கும்பகோணத்துக்காரனிடமே கேட்கிறீர்களே, துணிச்சல்தான்! பயப்படுவதென்றால் 1904-லேயே பயந்திருக்க வேண்டும். அந்த வருஷம் அக்டோபர் 31-ல் தொடங்கியபோது அதன் பெயரே 'கும்பகோணம் பேங்க்'தான். கேலி செய்தவர்களும் அதில்தான் பணம் போட்டிருப்பார்கள்.

1965-ல் சிட்டி ஃபார்வர்டு பேங்க், யூனியன் பேங்க் என்று இரண்டு உள்ளூர் வங்கிகள் இதோடு சேர்ந்தன (இன்றைய அரசு வங்கி யூனியன் பேங்க் வேறு). சம்பந்தி வீட்டார் பெயரையும் பத்திரிகையில் போடுகிற மாதிரி, 'கும்பகோணம் சிட்டி யூனியன் பேங்க்' ஆயிற்று. 1980-ல் பெங்களூரில் கிளை திறந்தார்கள். 1987-ல் முன்னாலிருந்த ஊர் உதிர்ந்தது. வெளி மாநிலத்தில் கடை விரிக்கிறவருக்கு ஊர்ப்பெயர் இடைஞ்சலாக இருந்திருக்கும் என்பது என் கணிப்பு. எங்கள் அம்மாவுக்கு இந்த மாற்றமெல்லாம் எட்டவே இல்லை. கடைசிவரை 'கும்மோணம் பாங்கி'தான்.

கேள்வி: சென்னை இருக்கும்போது, அந்தக் காலத்தில் வங்கி தொடங்கக் கும்பகோணத்தில் என்ன இருந்தது?
– ஒரு வாசகி, சேலம்

பதில்: நெல் இருந்தது, அம்மா. கூடவே பித்தளைப் பாத்திரம், பட்டு, வெற்றிலை. சென்னையை ரொம்பவும் உயர்த்திப் பிடிக்காதீர்கள். அங்கே கொடிகட்டிப் பறந்த அர்பத்நாட் வங்கி 1906-ல் கவிழ்ந்து எத்தனையோ குடும்பங்களைத் தெருவில் விட்டது. ரிசர்வ் வங்கி வந்ததே 1935-ல்தான். அதுவரை வாங்குகிறவன் இன்னார் பேரன், இத்தனை மா நிலம் என்று தெரிந்து கடன் கொடுப்பதுதான் பாதுகாப்பு. அது சொந்த ஊரில்தானே முடியும்? முதல் கிளையை 1930-ல் மன்னார்குடியில்தான் வைத்தார்கள், அதுவும் டெல்டாதான்.

இதில் ஒரு சங்கடமும் உண்டு. எங்கள் வீட்டில் மேட்டூர் திறந்தால் அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போகும். தை அறுவடை முடிந்தால் கழுத்துக்குத் திரும்பும். தண்ணீர் வராத வருஷம் வட்டியை மட்டும் கட்டிப் புதுப்பிப்பார் அப்பா. தெருவில் எல்லா வீட்டிலும் இதே கதை. கடன் வாங்கியவர்கள் அத்தனை பேரும் ஒரே ஆற்றை நம்பியிருந்தால், கொடுத்தவர் பாடு என்ன ஆகும்? டெல்டாவைத் தாண்டிப் போனதற்கு ஆசையைவிட இந்தக் கவலைதான் காரணமாக இருக்கும்.

கேள்வி: தலைமையகமாவது இன்னும் அங்கே இருக்கிறதா?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: டி.எஸ்.ஆர். பெரிய தெருவில். வழி கேட்டால் 'சிட்டி யூனியன்' என்றே சொல்லுங்கள். 'கும்மோணம் பாங்கி' என்றால் புரிந்துகொள்கிற ஆட்கள் குறைந்துவிட்டார்கள்.